எழுதத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியபின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வெல்டிங் தெரிகிறது, பி.எல்.சி. தெரிகிறது. ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் நாலு வரி எழுதச் சொன்னால்தான் திணறுகிறார்கள்.

“மெஷின் பிராப்ளம். சரி செய்யப்பட்டது.” இதைப் படிக்கும் காலை ஷிப்ட்காரருக்கு என்ன விளங்கும்? “இரவு 2.40. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஹைட்ராலிக் பிரஷர் இறங்கியது. ஹோஸ் இணைப்பில் ஆயில் கசிவு. கிளாம்ப் மட்டும் இறுக்கியிருக்கிறோம். ஹோஸ் ஸ்டோரில் இல்லை, மாற்றவில்லை. மணிக்கொரு முறை பார்க்கவும்” என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருப்பார். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தாலும் பாதகமில்லை.

கார் கம்பெனிக்குப் பாகம் செய்துதரும் சிறு யூனிட்டில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால், வாடிக்கையாளர், பிழையின் காரணத்தையும் தீர்வையும் எட்டு நிலைகளில் எழுதும் 8டி ரிப்போர்ட் கேட்பார். பின்னாளில் மறைமலை நகருக்கு வந்த ஃபோர்டு நிறுவனம் 1987-இல் வகுத்த முறை அது. அதில் மூலகாரணம் என்ற கட்டத்தில் “ஆபரேட்டரின் கவனக்குறைவு” என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் “அறிவுறுத்தப்பட்டது” என்றும் எழுதிவிடுவது சுலபம். ஜிக் தேய்ந்திருந்ததா, லைனில் பழைய டிராயிங் தொங்கியதா, புதியவருக்கு யாராவது வேலையைக் காட்டிக்கொடுத்தார்களா என்ற கேள்விகள் அதோடு முடிந்துபோகும். பழி மட்டும் கடைசிப் படியில் நிற்பவர் தலையில் விழும். அவருக்கோ தன் தரப்பை எழுதிவைக்கத் தெரியாது.

‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்றாலே இன்டர்வியூவில் ஒப்பிக்கும் ஆங்கிலம் என்று ஆக்கிவைத்திருக்கிறோம். வாடிக்கையாளரும் ஆடிட்டரும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்பது உண்மை. அதையும் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் நடந்ததைத் தமிழில் வரிசையாகச் சொல்லத் தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் எப்படி வரும்? தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-லேயே சொன்னது. அறிவிப்பைத் தமிழில் படிக்கலாம், பழுதைத் தமிழில் எழுதக்கூடாதா? ஒடிசா, பிகார் தொழிலாளர்களும் நிற்கும் லைன்களில் வேலைக்குறிப்பு இன்னும் எளிதாக, படத்தோடு இருக்க வேண்டும். அதைத் தயாரிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய எழுத்துதான்.

இதற்குப் புதுப் பாடப்புத்தகம் தேவையில்லை. டிப்ளமோ அப்ரண்டிஸ் தினமும் செய்த வேலையை நோட்டில் பதிய வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் விதிகளிலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் அந்த நோட்டால் பயனில்லை. வாரம் ஒரு பழுதுக் குறிப்பை, அந்த வேலையைப் பார்க்காத இன்னொரு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கொடுக்கட்டும். அவருக்குப் புரிந்தால்தான் மதிப்பெண். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். நிர்வாகங்களும் லாக் புக்கில் தமிழை ஏற்பதாகச் சுற்றறிக்கை விடட்டும்.