அலை ஏறக் கற்போம்

புதுச்சேரிவாசிகளாகிய நமக்குக் கடல் என்பது மாலை நேரத்து வஸ்து. வெயில் தாழ்ந்ததும் குழந்தை குட்டிகளுடன் கடற்கரைச் சாலைக்குப் போகிறோம். காந்தி சிலையைச் சுற்றி உலவுகிறோம், காற்று வாங்குகிறோம், சுண்டல் தின்கிறோம், இருட்டியதும் வீடு திரும்புகிறோம். இவ்வளவு நேரமும் கடல் நம் எதிரே முழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதனுடன் சற்றே பழகிப் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டாகிறது? படித்த குடும்பங்களில் நீந்தத் தெரிந்த பிள்ளையைக் காண்பது அரிது. நீந்தத் தெரிந்த பெண்ணைக் காண்பதோ அதனினும் அரிது. கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் வளர்ந்து, கடலுக்கு அந்நியர்களாகவே காலம் கழித்துவிடுகிறோம்.

இந்த நிலையில், அலையின்மேல் ஒரு பலகையைச் செலுத்தி, அதன்மேல் எழுந்து நின்று சவாரி செய்யக் கற்கலாம் என்று நாம் சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன்னால், ஒரு நாள் விடியற்காலையில் நகருக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பத்துக் கடற்கரை வரையில் போய்வர வேண்டுகிறோம். வெளியூரார் 'செரினிட்டி பீச்' என்று அழைப்பது இந்த இடத்தைத்தான். அங்கே அலைச்சறுக்குப் பயிற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆரோவில்லில் வளர்ந்த இரண்டு சகோதரர்கள் நிறுவிய 'கல்லியாலே' என்னும் பள்ளி இதில் பெயர் பெற்றது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாலிபர்கள் வந்து, பணம் கொடுத்து, நம் வாசற்படியில் உள்ள கடலில் விழுந்து எழுந்து பாடம் கற்றுக்கொண்டு போகிறார்கள். உள்ளூர்வாசிகளாகிய நாமோ கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

பலகையில் ஏறி நீர்மேல் செல்லும் வித்தைகள் இரண்டு வகை. ஒன்று, மோட்டார்ப் படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுச் செல்வது. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மின்னசோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் பெப்பின் ஏரியில் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இதை வெற்றிகரமாகச் செய்து காட்டினார். 1980-களில் இரண்டு பலகை ஒரே பலகையாகி, 'வேக்போர்டு' என்ற விளையாட்டுப் பிறந்தது. ஆனால் அதற்கு அமைதியான நீர்நிலை வேண்டும்; படகு வேண்டும்; எண்ணெய் வேண்டும்; படகோட்டி வேண்டும்; பை நிறையப் பணமும் வேண்டும். மற்றொன்றுதான் அலைச்சறுக்கு. இதற்குக் கயிறும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். இழுத்துச் செல்லும் வேலையைச் சமுத்திர ராஜனே கூலி வாங்காமல் செய்துவிடுகிறான். நமக்கு ஏற்றது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

நின்றுகொண்டு அலை ஏறும் இந்தக் கலைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர்கள் ஹவாய்த் தீவினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் காப்டன் குக்கின் மாலுமிகள் அதைக் கண்டு வியந்தார்கள். பின்னர் வந்த பாதிரிமார்கள் அதை வீண் பொழுதுபோக்கு என்று இகழ்ந்தார்கள். தீவினரின் ஜனத்தொகையும் சுதந்திரமும் குன்றியபோது, விளையாட்டும் குன்றிற்று. மீண்டும் அதை உலகறியச் செய்தவர் டியூக் கஹனமோக்கு என்ற ஹவாயர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்ற அவர், 1914-15-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று அலை ஏறிக் காட்டினார். அடிமைப்பட்ட நாட்டின் விளையாட்டுக்கு மறுபடி மதிப்பு வந்த கதை இது. நம்மவர்களும் சிந்திக்கத்தக்கது.

ஏனெனில், அலை ஏறும் அறிவு நம் கரைக்கும் புதிதன்று. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்திலும் அதற்குப் பின்னும், கப்பல்கள் புதுச்சேரிக்கு எதிரே தூரத்தில்தான் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்குகள். அவற்றைச் செலுத்தியவர்கள் நம் கடலோர மக்கள். துரைமார்களும் துபாஷிகளும் உயிரை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கரையேறினார்கள். அதைவிட எளியது கட்டுமரம். சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, கவிழ்ந்தாலும் முழுகாது. செம்படவர் அதில் அலைகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்ததும், இடைவெளி பார்த்து வெளியே பாய்வார். திரும்பி வரும்போது தகுந்த அலை ஒன்றின் முதுகில் மரத்தை ஏற்றிக் கரைவரை சவாரி செய்வார். இந்தக் கட்டுமரத்தின் பெயரே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்து, உலகத்தார் இரட்டைப் படகுக்கு இட்ட பெயராயிற்று. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாரிழைப் படகுகள் மிகுந்து கட்டுமரங்கள் குறைந்துபோயின. ஆனால் அலையை எண்ணும் கண் இன்னும் குப்பத்துப் பெரியவர்களிடம் இருக்கிறது. அதுதான் அலைச்சறுக்கின் அரிச்சுவடி.

* * *

இனிப் பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம் நீச்சல். பலகை மிதக்கும், பலகை கை நழுவினால் மிதக்க வேண்டியவர் நாம். நிற்காமல் நூறு மீட்டர் நீந்தவும், மல்லாந்த நிலையில் பத்து நிமிஷம் பதறாமல் மிதக்கவும் தெரியாதவர் கடற்பலகையைத் தொடலாகாது என்பது நம் கருத்து. குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ இரண்டு மூன்று மாதம் பழகினால் இது கைகூடும்.

இரண்டாவது, அலையைப் பற்றிய அறிவு. அலை என்பது ஓடிவரும் தண்ணீர் என்று நினைக்கிறோம். நெல் வயலில் காற்று வீசும்போது கதிர்கள் அலையலையாக ஓடுவதுபோல் தோன்றும். ஆனால் பயிர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆழ்கடலிலும் அப்படியே. நீர் தன் இடத்தில் வட்டமிட, அசைவு மட்டும் முன்னேறி வருகிறது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியில் அடித்த புயற்காற்றின் வேகம்கூட இப்படி நம் கரைக்கு வந்து சேருவதுண்டு. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, அலையின் அடி தடைப்படுகிறது, முடி முந்துகிறது, உடைகிறது. மூன்றடி உயர அலை ஏறக்குறைய நான்கடி ஆழத்தில் உடையும் என்று கணக்கு. உடைந்த பிறகு வெண்ணுரையாக உருண்டு வருகிறதே, அதுதான் ஆரம்பக்காரருக்கு உரிய அலை. உடையாத பச்சை அலை மேல் வகுப்புக்கு உரியது.

மூன்றாவது, காலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் புயற்சின்னங்களும் கடலைக் கலக்கிவிடும். 2011 டிசம்பரில் வந்த தானே புயலையும், 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயலையும் புதுச்சேரி மறந்துவிடவில்லை. அந்த மாதங்களில் புதியவருக்குக் கடலில் வேலையில்லை. மற்ற மாதங்களிலும் விடியற்காலையே உகந்தது. அப்போது தரைக்காற்று மெல்ல வீசி அலையின் முகத்தை வழவழப்பாக்கும். பொழுது ஏறியதும் கடற்காற்றுக் கிளம்பி அதைக் கலைத்துவிடும்.

நான்காவது, பலகை. குட்டையான பலகையில் கெட்டிக்காரர்கள் வித்தை செய்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். புதியவருக்கு எட்டு ஒன்பது அடி நீளமும் நல்ல அகலமும் உள்ள, மேற்புறம் மெத்தென்றிருக்கும் பலகை வேண்டும். அது எளிதில் மிதக்கும். தலையில் பட்டாலும் பெருங்காயம் ஆகாது. அதிலுள்ள கயிற்றைப் பின்னங்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். எது பின்னங்கால்? நண்பரை விட்டு முதுகில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறி எந்தக் காலை முன்வைக்கிறீர்களோ, அது முன்னங்கால்.

ஐந்தாவது, மணலில் அப்பியாசம். பலகைமேல் குப்புறப் படுங்கள். மார்பை நிமிர்த்தி, இரு கைகளாலும் துடுப்பு வலிப்பதுபோல் வலியுங்கள். பிறகு உள்ளங்கைகளை விலாவுக்கு அருகில் பதித்து, ஒரே மூச்சில் எழும்பி, பலகைக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். பார்வை கரையை நோக்க வேண்டும். காலை நோக்கினால் காலோடு நீங்களும் கீழே போவீர்கள். இதை மணலில் ஐம்பது முறை செய்யச் சிலருக்கு வெட்கமாயிருக்கும். அந்த வெட்கத்தை வென்றவரே தண்ணீரில் எழுந்து நிற்பார்.

அதன் பிறகே நீரில் இறங்குவது. இடுப்பளவு நீரில், கூடவே ஆசிரியர் நிற்க, வெண்ணுரை பின்னால் வந்து தள்ளும் சமயம் பார்த்து எழும்ப வேண்டும். அலைக்கும் உங்களுக்கும் இடையே பலகையைக் குறுக்கே பிடிக்கலாகாது; அலை அதைத் தூக்கி உங்கள்மேல் அடிக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல், தட்டையாக விழுந்து, மேலே வரும்போது கைகளால் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். அலையின் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் வழியில் குறுக்கிடுவது மரியாதையும் அன்று, பத்திரமும் அன்று.

எல்லாவற்றினும் முக்கியமான பாடம் இழுப்பைப் பற்றியது. கரைக்கு வந்து குவிந்த நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை அதிகம் உடையாது. நீர் சற்று இருண்டு, பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றும். தெரியாதவர்கள் 'இங்கேதான் அமைதியாயிருக்கிறது' என்று அதிலேயே இறங்கி உயிரிழக்கிறார்கள். கற்குவியல்களின் ஓரத்தில் இந்த இழுப்பு வலுவாயிருக்கும். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கலாகாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். உல்லாசமாக வந்த வெளியூர்ப் பிள்ளைகள் நம் கரையில் மாண்டுபோகும் செய்தியைப் பத்திரிகைகளில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். இந்த ஒரு பாடம் தெரிந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்!

* * *

"சரி, இதை யாரிடம் கற்பது?" என்று கேட்பீர்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், அருண் வாசு என்ற தொழிலதிபரின் துணையுடன் 2012-இல் ஓர் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மதுவையும் புகையையும் தொடக்கூடாது என்பது குப்பத்து இளைஞர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை. இன்று பட்டணத்துக் கனவான்கள் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளிடம் மாணவர்களாக நிற்கிறார்கள். மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தி தேசியப் பட்டம் வென்றிருக்கிறாள். 2025 ஆகஸ்டு மாதம் அதே மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் தனிப் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது.

நம் ஊரில் சாதியையும் தொழிலையும் பார்த்து மனிதரை அளக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று யாரும் மார்தட்ட முடியாது. மீன்கூடை சுமப்பவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலில் இறங்கிய முதல் நாளே இந்த நோய்க்கு மருந்து கிடைத்துவிடும். பட்டமும் பதவியும் அலைக்குத் தெரியாது. அங்கே அறிந்தவர் ஆசான், அறியாதவர் மாணவர். அந்த ஆசானை 'அண்ணா' என்றும் 'ஐயா' என்றும் மரியாதையுடன் அழைக்கப் பிள்ளைகள் கற்பார்களானால், பலகையில் நிற்கக் கற்றதைவிட அது பெரிய லாபம்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரத்துக் கடற்கரையில் முன்பு அகன்ற மணற்பரப்பு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல்தடுப்புக் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே கரை அரிக்கப்பட்டது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவக் கிராமங்களுக்குப் போயிற்று. வீடுகளும் வலை உலர்த்தும் இடங்களும் போயின. 2018-19-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பை அமைத்த பின், அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

படகை இழுத்து ஏற்ற மீனவருக்கு மணல் வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று பழக மாணவருக்கும் அதே மணல் வேண்டும். கரையில் உலவிவிட்டு வருபவருக்கு மணல் போனாலும் சாலை இருக்கிறது. ஆகையால் அவர் கவலைப்படுவதில்லை. மீனவர் மட்டும் தனியாக முறையிட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் கடலில் இறங்கிப் பழகினால், அடுத்த முறை யாரேனும் கரையில் கல்லைக் கொட்ட வரும்போது, 'மணல் எங்கே போகும்?' என்று கேட்க ஊரே இருக்கும்.

ஆகவே வாசகர்களே, இந்தக் கோடை விடுமுறையில் முதலில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புங்கள். அலையும் பலகையும் அடுத்த வருஷம் வரை காத்திருக்கும்.