பூங்குழலிக்காக அழுதவர்கள்

‘பொன்னியின் செல்வ’னைப் பற்றி சேரியிலிருந்து ஒருத்தன் வாயைத் திறந்தால் ரெண்டு பதில் தயாராக இருக்கும். ஒண்ணு, “உனக்கு எதைப் பார்த்தாலும் சாதிதானா?” இன்னொண்ணு, “கதையை ரசிக்கத் தெரியணும்பா.” ரசனை கெட்டவன் பேசுகிறான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த நாவலை நான் மூணு தடவை படித்தவன். பதினாலு வயசில் குந்தவையை நினைத்துக்கொண்டு வரப்பில் தனியாகச் சிரித்தபடி திரிந்தவன். ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ரசித்ததால்தான் இதை எழுதவே வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்க ஊர்த்தெருவில் ஒரு வாத்தியார் வீட்டில், ‘கல்கி’ பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகங்கள் இருந்தன. மணியம் வரைந்த படங்களோடு அஞ்சு பாகமும் இருக்கும். நான் போய்க் கேட்டால் திண்ணையில் வைப்பார், கையில் கொடுக்க மாட்டார். நான் எடுத்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்துக் கொண்டுபோனால் நானும் திண்ணையில்தான் வைக்க வேண்டும். மோசமான மனுசர் இல்லை. புத்தகம் கிடையாது என்று ஒரு நாளும் விரட்டியதில்லை. “எந்த எடத்துலடா இருக்க? பூங்குழலி புயல்ல படகு வுட்டாளா?” என்று ஆசையாகக் கேட்பார். “பாவம்டா அந்தப் பொண்ணு” என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை கம்மும். அந்தக் கம்மலும் இந்தத் திண்ணையும் ஒரே மனுசருக்குள் எப்படி ஒண்ணாக இருந்தன என்று யோசிக்க எனக்குப் பல வருசம் ஆனது.

2022லும் 2023லும் படம் ரெண்டு பாகமாக வந்த பிறகு திரும்பவும் எல்லார் கையிலும் இந்த நாவல். டீக்கடை, பஸ், வாசகர் வட்டம் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. காதுகொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். கல்யாண விசயத்தில் வாசகர்கள் சொல்வதைச் சுருக்கினால் மூணே அபிப்பிராயம்தான். பூங்குழலி பாவம். ஆனால் அருள்மொழிக்கு வானதிதான் பொருத்தம். அதைச் சேர்த்துவைத்த குந்தவை புத்திசாலி. இந்த மூணையும் மூணு பேர் சொல்லவில்லை தோழர்களே, ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்கிறார். எனக்கு உறுத்தியது அதுதான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலம் பத்தாம் நூற்றாண்டு. சுந்தர சோழன் மகள் குந்தவை, கொடும்பாளூர் வேளிர் குலத்துப் பெண் வானதியைப் பழையாறையில் தன்னோடு வைத்து வளர்க்கிறாள். தம்பி அருள்மொழிக்கு அவளைக் கட்டிவைப்பது என்று மனசுக்குள் முடிவு. வானதியின் தகப்பன் ஈழப்போரில் செத்தவன். பெரிய தகப்பன் சேனாதிபதி, தன் வீட்டுப் பெண் ராணியாக வேண்டும் என்று தவிக்கிறவன். வானதிக்கும் அருள்மொழி மேல் ஆசை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு முன்னாலேயே பாய் விரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கோடிக்கரை. அங்கே கலங்கரை விளக்கம் காக்கும் தியாகவிடங்கக் கரையரின் மகள் பூங்குழலி. புயலில் கப்பல் போய்க் கடலில் கிடந்த அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் படகோட்டிக் கரை சேர்த்தவள். இளவரசன் அவளைச் சமுத்திரகுமாரி என்று அழைக்கிறான். அந்த ஒரு பெயரோடு சரி.

அவளுக்கு ஒரு அத்தை. மந்தாகினி, ஊமை ராணி. ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே கதை அவளுக்கும் நடந்தது. தீவில் தனியாகக் கிடந்த சுந்தர சோழனைக் காப்பாற்றி நேசித்தாள். கப்பல் வந்தது, அவன் பட்டம் கட்டிக்கொள்ளப் போய்விட்டான். கடைசியில் அவனை நோக்கி வந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். அத்தை வேல் வாங்கினாள், மருமகள் துடுப்புப் போட்டாள். அரண்மனைக்குள் மருமகளாகப் போனது வேளிர் வீட்டுப் பெண். ஆதித்த கரிகாலனோடு பழகிய நந்தினியையும் அரண்மனை இப்படித்தான் அண்டவிடாமல் விரட்டியது. வாசகர்கள் அவளுக்குப் ‘பாவம்’கூடச் சொல்லவில்லை, வில்லி என்றார்கள். திருப்பிக் கேட்டவள் இல்லையா.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களை எடுக்கும்போது நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவேன். பூங்குழலி புயலில் போய் இளவரசனைக் காப்பாற்றியதைச் சொன்னபோது அம்மா நிமிராமலே கேட்டது: “கரையேறினவன் ஓடக்கூலி குடுத்தானா?” நான் சிரித்தேன். இத்தனை வருசத்தில் எத்தனையோ விமர்சனக் கட்டுரை படித்துவிட்டேன், அம்மா கேட்ட கேள்விக்கு எதிலும் பதில் இல்லை. அம்மா அழவில்லை, கணக்குக் கேட்டது.

சரி, ‘பொருத்தம்’ என்கிறார்களே, அது என்ன? வானதி பயந்த சுபாவம், தொட்டதுக்கெல்லாம் மயங்கி விழுகிறவள். பூங்குழலி புயலுக்கே பயப்படாதவள். ஒரு போர்வீரனுக்கு எது பொருத்தம் என்று குணத்தை வைத்துப் பார்த்தால் ஓட்டு யாருக்கு விழும்? ஆனால் வாசகர் குணத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்தில் எதைப் பார்ப்பாரோ அதைத்தான் இங்கேயும் பார்க்கிறார். பத்துப் பொருத்தம் பார்க்கிறதுக்கு முன்னால் ஒரு பொருத்தம் இருக்கிறதே, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சொல்லாத பொருத்தத்துக்கு அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே பேர் வைத்துவிட்டார். அகமணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அவர் காட்டியது இதுதான்: கல்யாணத்தை வேலிக்குள்ளேயே நடத்துவதில்தான் சாதியின் உயிர் இருக்கிறது. அந்த வேலியைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும், விதவைக் கொடுமையும், குழந்தைக் கல்யாணமும். இதை வைத்துக்கொண்டு நிஜமான சோழர் வரலாற்றைப் பாருங்கள். சுந்தர சோழன் செத்தபோது அவன் மனைவி வானவன்மாதேவி, பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினாள். இதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பேசுகிறது. நாவல் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வாசகர் அந்த நெருப்பைப் பார்க்காமல் புத்தகத்தை மூடிவிடலாம்.

ராசா வீட்டுக் கல்யாணம் என்பது நிலத்தோடு நிலத்தை ஒட்டுப்போடும் வேலை. ராஜராஜன் தன் மகளை, அவள் பேரும் குந்தவைதான், வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்களின் மகனுக்கு ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கொடுத்தார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்தவன்தான் 1070இல் சோழ நாட்டுக்கே ராசாவான முதல் குலோத்துங்கன். அந்தப் பெண்களிடம் விருப்பம் கேட்டதாக எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்பதும் கல்லிலேயே இருக்கிறது. 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், வரி இல்லாத நிலங்களின் பட்டியலில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வெட்டியிருக்கிறான். கல்வெட்டில் நமக்கு ஒரு ஓரமாவது இருந்தது. அஞ்சு பாக நாவலில் அந்தச் சேரி வழியாக ஒரு குதிரைகூடப் போகவில்லை.

இங்கே ஒரு வாசகர் எழுந்து நிற்பார். “ஏங்க, பூங்குழலியும் கடைசியில ராணி ஆயிட்டாளே! குந்தவையும் வந்தியத்தேவனும் காதல் கல்யாணம்தானே!” நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். வந்தியத்தேவன் நாடு இழந்தவன்தான், ஆனால் வாணர் குலம். தன் குலப்பெருமையை அவன் மறப்பதே இல்லை. அந்தக் காதல் வேலிக்குள்ளே மேய்ந்த காதல். பூங்குழலி விசயம் இன்னும் விசேசம். அவள் பூக்கட்டி விற்கிற சேந்தன் அமுதனை ஏற்றுக்கொள்கிறாள். எனக்குப் பிடித்த இடமே அதுதான். ஆனால் கதை அவளை அப்படியே இருக்க விட்டதா? பூக்காரன் கண்டராதித்த சோழனின் சொந்த மகன் என்று தெரியவருகிறது, அவனே உத்தம சோழனாக முடி சூட்டிக்கொள்கிறான். கரையர் வீட்டுப் பெண் ராணியாகலாம். அதுக்கு அவள் கட்டிய பூக்காரன் ராச ரத்தமாக இருக்க வேண்டும். அருள்மொழி நேராக அவளைக் கட்டியிருந்தால் வேலி உடைந்திருக்கும். இப்போ வேலிக்கும் சேதம் இல்லை, வாசகர் மனசுக்கும் சேதம் இல்லை. கல்கி கெட்டிக்காரர்.

அந்தக் காலத்தை அப்படித்தானே எழுத முடியும் என்பார்கள். 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த கதை அது. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தாச்சு என்று எழுதிய வருசத்தில் தொடங்கியது. முடிந்த அதே 1954இல்தான் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. சாதி, மதம் எதுவானாலும் ஆணும் பெண்ணும் பதிவாளர் முன்னால் கல்யாணம் செய்துகொள்ளலாம். முப்பது நாள் முன்னறிவிப்பு, மூணு சாட்சி, அவ்வளவுதான். நாட்டில் ஒரு பக்கம் வேலியைத் திறக்கச் சட்டம் எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வானதி கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்த மூணு சாட்சி விசயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். 1998. எங்க தெருப் பையன் ஒருத்தன், ஊர்த்தெருப் பெண். அந்தச் சட்டப்படி மனு கொடுத்தாச்சு. முப்பது நாள் நோட்டீஸ் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு நாளும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது, அவள் சொந்தக்காரன் யார் கண்ணிலாவது பட்டால் உயிருக்கே ஆபத்து. சாட்சிக்கு நானும் இன்னொருத்தரும் இருந்தோம். மூணாவது ஆள் வேண்டும். எங்க வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் இருந்தார். பூங்குழலியைப் பற்றிப் பேசும்போது மேடையிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர். அவரிடம் போனேன். “கொள்கையில எனக்கு மாற்றுக் கருத்து இல்ல தோழர், ஆனா வீட்டுல...” என்று இழுத்தார். அவர் வீட்டு வாசல்படியில் நின்றபோது எனக்கு அந்தப் பழைய திண்ணைதான் ஞாபகம் வந்தது. மூணாவது கையெழுத்து போட்டவர் எங்களை அந்த ஆபீசுக்குக் கூட்டிவந்த ஆட்டோக்காரர். அவர் கதை கிதை எதுவும் படித்தவர் இல்லை. “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டார்.

சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 2003இல் விருத்தாசலம் பக்கம் முருகேசனையும் கண்ணகியையும் காதிலும் மூக்கிலும் விசம் ஊற்றிக் கொன்றார்கள். தண்டனைத் தீர்ப்பு வர 2021 ஆனது. 2012இல் ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி தர்மபுரி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். அடுத்த வருசம் இளவரசன் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். நாவல் படித்தவர்கள் கொலை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரன் கையில் அரிவாள் இருக்கிறது, அவனைச் சுற்றி நிற்கிற நல்லவர்கள் வாயில் ‘பொருத்தம்’ இருக்கிறது. இந்த வார்த்தை ஊரில் புழங்குகிற வரைக்கும் அந்த அரிவாளுக்குத் தைரியம் குறையாது.

இதோடு முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் போன மாசம் நடந்ததை மறைத்தால் இந்தக் கட்டுரையே பொய்.

எங்க அக்கா மகள் காலேஜ் முடித்தவள். படம் பார்த்துவிட்டு என்னிடமிருந்து அஞ்சு பாகத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். முடித்துவிட்டு வந்து கேட்டாள்: “ஏன் மாமா, பூங்குழலிய ஏன் கட்டிக்கல அவன்?” நான் மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். அம்பேத்கர் சொன்னதை, கல்வெட்டில் இருப்பதை, ஒண்ணு விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் ஒரு பையன விரும்புறேன் மாமா, அம்மாகிட்ட நீதான் பேசணும்” என்றாள்.

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? “எந்தத் தெரு?”

அருந்ததியர் தெரு. அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குள்ளே ஏதோ ஒண்ணு பின்வாங்கியது. அக்கா என்ன சொல்லும், தெருவில் என்ன பேசுவார்கள் என்று கணக்குப் போட்டது. நமக்கு மேலே இருக்கிறவன் கட்டிய வேலியை உடைக்க முப்பது வருசமாகப் பேசுகிறவன், நமக்குக் கீழே என்று நாமே கட்டிவைத்த வேலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழையாறை அரண்மனையில் குந்தவை உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் என் நாக்கிலும் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது பூங்குழலிக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவிடம் பேசிவிட்டேன். ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது, இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பையன் வீட்டிலும் எதிர்ப்பு இருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம், நோட்டீஸ் ஒட்டியாச்சு. சாட்சிக்கு நான் ஒருத்தன், பையனின் சிநேகிதன் ஒருத்தன். இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும். இதைப் படிக்கிற தோழர்களில் பூங்குழலிக்காக அழுதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். யாராவது ஒருத்தர் பேனாவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.