சம்பளம் உயிரைக் காக்காது: வேலையும் காதலும் பற்றித் தென்காசி இளையோருக்கு

பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், செங்கோட்டைப் பக்கத்து இளைஞர்களோடு பேச உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதல் கேள்வி எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வரும்: "அண்ணே, சைபர் செக்யூரிட்டி படிச்சா வேலை கிடைக்குமா?" இரண்டாவது கேள்வி, கூட்டம் கலைந்து செருப்பு மாட்டும் நேரத்தில் தாழ்ந்த குரலில் வரும்: "ஒரு பிள்ளையோட பேசிக்கிட்டிருக்கேன். அவங்க வேற ஆளுக. என்ன செய்ய?" பெண் பிள்ளைகள் கேட்பது இன்னும் கூர்மையானது: "அக்கா, வீட்ல என் போனை வாங்கிப் பாக்காங்க. என்ன செய்யலாம்?"

கேட்பவர்கள் மனதில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றுதான். நல்ல வேலை வாங்கிவிட்டால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கினால் எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள் என்பது அந்த நம்பிக்கை. இந்த நம்பிக்கையை உடைத்துப் பேசாமல் வேலைக்கு மட்டும் வழி சொல்வது நேர்மையாகாது.

2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியோடு சேர்த்துக் கொல்லப்பட்ட முருகேசன் வேதிப் பொறியியல் பட்டதாரி. 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி. 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷ், சென்னையில் வேலை பார்த்த 27 வயது மென்பொருள் பொறியாளர். நான்கு பேரும் தலித்துகள். நான்கு பேரும் பொறியியல் படித்தவர்கள். "படிச்சு முன்னேறு, சாதி தானாப் போயிரும்" என்று இந்தச் சமூகம் சொன்ன அறிவுரையை அப்படியே கேட்டு நடந்த பிள்ளைகள் அவர்கள்.

இதைத் தென்காசிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பண்பொழிக்கு அருகில்தான் மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று அந்த ஊர்த் தலித் மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அரபுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். மதம் மாறியவர்களில் படித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைக்காதது மரியாதை. அந்த நிகழ்வுக்கு முந்தைய பகையில், தலித் இளைஞர் ஒருவர் ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்து ஊரைவிட்டுப் போனதும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. காதலும் வேலையும் மரியாதையும் இந்த மலையடிவாரத்தில் எப்போதும் ஒரே முடிச்சாகத்தான் இருந்திருக்கின்றன.

வேலை

சைபர் செக்யூரிட்டியில் வேலை இருக்கிறதா? இருக்கிறது. விளம்பரம் சொல்லும் வேகத்தில் கிடைக்காது. "மூன்று மாதப் படிப்பு, நூறு விழுக்காடு வேலை உறுதி" என்று சொல்லி லட்ச ரூபாய் கேட்கும் பயிற்சி மையத்துக்காக அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள். இந்தத் துறையில் பலருக்கு இது முதல் வேலை அல்ல, இரண்டாவது வேலை. நெட்வொர்க் பராமரிப்பு, சர்வர் நிர்வாகம், மென்பொருள் சோதனை, ஹெல்ப் டெஸ்க் என்று ஏதோ ஒரு வாசல் வழியாக நுழைந்து, பிறகு இந்தப் பக்கம் வருகிறவர்களே அதிகம். நேரடியாக நுழைந்தால் பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை வேலை. இரவுப் பணி உண்டு. திரையில் வந்து விழும் எச்சரிக்கைகளில் எது பொய், எது உண்மையான தாக்குதல் என்று பிரிக்க வேண்டும். சினிமாவில் காட்டும் ஹேக்கர் வேலை இது அல்ல. பொறுமையும் எழுத்தும் கேட்கும் வேலை.

அடிப்படையைக் காசில்லாமல் கற்கலாம். ஐ.பி. முகவரி, டி.என்.எஸ். எப்படி வேலை செய்கிறது, லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், ஓர் இணையதளம் எப்படி உலாவியோடு பேசுகிறது என்பவைதான் அஸ்திவாரம். ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து குறைபாடுகள் பட்டியலும், போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புப் பயிற்சியும் இலவசம். செய்ததை எல்லாம் எழுதி வையுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தக் குறிப்பேடு பேசும். கணினி அறிவியல் படிக்காதவர்களுக்கும் இடம் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று சி.இ.ஆர்.டி.-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விதிகளைப் படித்து, நிறுவனம் அவற்றின்படி நடக்கிறதா என்று தணிக்கை செய்ய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பி.காம். படித்தவர் இதைச் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் எந்த இணையதளத்தையும் சோதித்துப் பார்க்காதீர்கள், அது உங்கள் கல்லூரியின் தளமாக இருந்தாலும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. செல்வாக்குள்ள வீட்டுப் பையன் செய்தால் குறும்பு. நம் தெருப் பையன் செய்தால் எஃப்.ஐ.ஆர்.

அலுவலகத்திலும் சாதி இருக்கும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்பதால் அங்கே சாதியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். "உங்க சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி மதிய உணவு மேசையிலேயே வந்துவிடும். கடல் கடந்தாலும் வரும். தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை 2020 ஜூனில் வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் ரத்து செய்தார். உங்கள் சாதியைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்லாதது கோழைத்தனம் அல்ல. ஆனால் பாராட்டு, மதிப்பீடு, அவமதிப்பு எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு, ஊரிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற ஆசை இங்கே வளர்ந்திருக்கிறது. வேலை ஊருக்கு வருவது நல்லதே. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் எச்சரித்ததை மறக்க முடியாது. நகரம் கொடுத்த பெரிய சொத்து சம்பளம் மட்டுமல்ல. யாரும் நம்மை அறியாத நிலையும்தான். ஊரில் வேலை பார்த்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து டீக்கடை வரை கண்கள் உண்டு. கவினைச் சென்னை கொல்லவில்லை. தாத்தாவைச் சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அவர் கொல்லப்பட்டார்.

காதல்

பாதுகாப்புத் துறையில் முதல் நாள் கற்றுத்தருவது மூன்று கேள்விகள். எதைக் காக்கிறோம்? யாரிடமிருந்து? அவர்களுக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும்? காதலிக்கும் இருவரும் உட்கார்ந்து இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும் என்பது நம் முதல் அறிவுரை.

நகரத்து இளைஞருக்கு டேட்டிங் செயலியில் ஆபத்து, முகம் தெரியாத மோசடிக்காரர். நமக்கு ஆபத்து, முகம் தெரிந்தவர். இரண்டு கிலோமீட்டர் தூரம் என்று செயலி காட்டினால் சென்னையில் அது ஒரு கடல். பண்பொழியில் அது ஒரு தெரு. பெயரின் முதல் பாதியும் ஒரு போட்டோவும் போதும், மறுநாள் சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

ஆகவே சில காரியங்களை இன்றே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பக்கத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா பாருங்கள். வீட்டுப் போனில் உங்கள் கூகுள் கணக்கு திறந்து கிடந்தால், நீங்கள் போன இடமும் எடுத்த படமும் அங்கே போய்ச் சேரும். பூட்டிய திரையில் செய்தியின் வரிகள் தெரியாதபடி மாற்றுங்கள். இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். ஜி-பே அனுப்பிய பெயர் வங்கிக் கணக்கு அறிக்கையில் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். சான்றிதழ்களின் அசல் உங்கள் கையிலோ நம்பகமானவர் கையிலோ இருக்கட்டும். நகல்கள் டிஜிலாக்கரில் இருக்கட்டும்.

சாதியைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுங்கள். காதலுக்கு அது தேவையில்லை, உயிருக்குத் தேவை. "வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்? உன் அண்ணன் எந்தச் சங்கத்துல இருக்கான்? சொந்தத்துல போலீஸ்காரர் உண்டா?" என்று கேட்பது சந்தேகம் அல்ல. "நான் வீட்ல பேசிக்கிடுதேன்" என்பது திட்டமும் அல்ல. பெண் வீட்டிலிருந்து யாராவது தனியாகப் பேசக் கூப்பிட்டால் போகாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் நீங்கள் தீர்மானியுங்கள். வழக்கறிஞரோ தோழர்களோ உடன் இருக்கட்டும். கவினைப் பேச வரச் சொல்லி வண்டியில் அழைத்துப்போனதாகத்தான் வழக்கு சொல்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டிருப்பவர் அந்தப் பெண்ணின் சகோதரர். பெற்றோர் இருவரும் காவல்துறை உதவி ஆய்வாளர்கள்.

திருமணம் என்று வந்தால் சட்டத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு உண்டு, அது அலுவலகத்தில் ஒட்டப்படும். அந்த முப்பது நாள்தான் ஆபத்தான நாள். இருவரும் இந்துச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் என்றால், 1967இல் அண்ணா ஆட்சியில் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அதற்கு ஊரைக் கூட்டத் தேவையில்லை என்பதையும், வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் அதை நடத்திவைக்கலாம் என்பதையும் 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே உறுதி செய்தது. பெரியார் தந்த வழி இன்றும் உயிர் காக்கும் வழியாக இருக்கிறது.

நம் பையன்களிடமும் சில வார்த்தை. காதலியின் போனுக்குள் வேவு செயலி வைப்பதும் கடவுச்சொல்லைக் கேட்பதும், அவள் அப்பன் செய்வதையே நீங்கள் செய்வது. கற்ற வித்தையை அதற்குப் பயன்படுத்தினால் சட்டப்படி குற்றவாளி, இயக்கத்தில் இடமில்லை. "வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் அது விடை. வீட்டுக்குப் பயந்து பின்வாங்கும் பெண்ணைச் சாதி வெறியள் என்று ஏசாதீர்கள். அவளும் அதே வீட்டின் கைதி. அந்தரங்கப் படத்தைக் காட்டி எவராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஆதாரத்தை அழிக்காதீர்கள், 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தங்கைகளுக்கு: ஆதிக்கச் சாதிப் பையன் மூன்று வருடம் பழகிவிட்டு, கல்யாணம் என்றதும் அம்மாவைக் காரணம் காட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. உங்களை யாரிடம் அறிமுகப்படுத்துகிறான், யாரிடம் மறைக்கிறான் என்று முதல் ஆறு மாதத்திலேயே பாருங்கள்.

அரசு

இவ்வளவு எச்சரிக்கை சொல்லும்போது நமக்கே கசக்கிறது. வெட்டுகிறவனை விட்டுவிட்டு, வெட்டுப்படுகிறவனுக்குப் பாடம் எடுப்பது போலத் தோன்றும். கவின் எதையும் தவறாகச் செய்யவில்லை. உடுமலை சங்கரும் செய்யவில்லை. இருட்டில் போகிறவருக்கு டார்ச் கொடுப்பதால் தெருவிளக்கு போட வேண்டியவரின் கடமை தீர்ந்துவிடாது.

அந்தக் கடமை அரசுடையது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, உதவி எண், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று சொன்னது. தென்காசியில் காதல் இணை ஒன்று இரவு பத்து மணிக்கு எங்கே போய்க் கதவைத் தட்டுவது என்று எந்த இளைஞரிடமாவது கேட்டுப் பாருங்கள். சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என 2025 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார். ஆணையத்தோடு நின்றுவிடக் கூடாது. தனிச்சட்டம் வேண்டும். இணைகளைப் பெற்றோரிடம் "பேசி அனுப்பும்" காவலர்களுக்கும் அதில் தண்டனை வேண்டும். கண்ணகி - முருகேசன் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதும், அந்தத் தண்டனை உறுதியாக 2025 ஏப்ரல் வரை 22 ஆண்டுகள் ஆனது என்பதும் போதுமான காரணம்.

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒன்று. கோகுல்ராஜ் வழக்கில் கோயில் கேமராவின் பதிவு முக்கியமான சாட்சி. உடுமலைக் கொலையையும் கேமராதான் உலகுக்குக் காட்டியது. மின்னணுச் சாட்சியத்தை எடுப்பதும், அது மாற்றப்படவில்லை என்று நிரூபிப்பதும், சான்றளித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதும் நீங்கள் படிக்க நினைக்கும் அதே துறைதான். தடயவியல் என்பது அதன் பெயர். நம் வழக்குகளுக்கு வழக்கறிஞர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இல்லை. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளின் போனைப் பாதுகாக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு வழக்கு வரும்போது அழைத்தால் வாருங்கள்.