திருடன்கூட ஒரு பேச்சுவார்த்தை

திருடு போன வீட்டில் முதல் அரை மணி நேரம் எல்லோருமே துப்பறியும் சாம்புதான். மூன்று பேர் பீரோவைத் தடவிப் பார்ப்பார்கள் (கைரேகை காலி!). ஒருத்தர் ஜோசியரிடம் போகலாம் என்பார். இன்னொருத்தர், 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். அஞ்சாவது ஆசாமிதான் போலீஸ் பெயரையே எடுப்பார்.

போலீஸும் இல்லை, பீரோவும் இல்லை, வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. அப்படி ஓர் இடத்தில் ஆயிரம் கோடி ரூபாய் காணாமல் போனால்?

அந்த இடத்துக்குப் பெயர் டிஃபை. 'பரவலாக்கப்பட்ட நிதி' என்று தமிழில் சொன்னால் பஞ்சாயத்து ராஜ் திட்டம் மாதிரி கேட்கும். விஷயம் இதுதான்: மேனேஜர், கேஷியர், மத்தியானம் மூன்று மணிக்கு 'சிஸ்டம் டவுன் ஸார்' சொல்கிற கிளார்க் யாருமே இல்லாத ஒரு வங்கி. சட்டதிட்டம் எல்லாம் கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதப்பட்டிருக்கும். கிரிப்டோ நாணயத்தைப் போடலாம், எடுக்கலாம், கடன் வாங்கலாம். புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நல்லவனும் படிப்பான். திருடன் இன்னும் கவனமாகப் படிப்பான். ஒரு வரியில் ஓட்டை இருந்தால் போச்சு.

சின்னக் காஞ்சிபுரத்தில் நாற்பது வருஷம் தறி போட்ட பெரியப்பா ஒருத்தர் எனக்கு உண்டு. இதையெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாவுல ஒரு இழை அறுந்தா நாங்க முதல்ல தறிய நிறுத்துவோம். அப்புறம்தான் அறுந்த முனையத் தேடிப் பிணைக்கறது. நிறுத்தாம நெய்தா, ஒண்ணு அறுந்தது பத்தா அறுந்துடும். இவங்க தறிய யாருப்பா நிறுத்தறது?"

ஸார், அதுதான் பாயின்ட்! உலகம் பூரா இருக்கிற கம்ப்யூட்டர் நிபுணர்களும் ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்கிற முதல் கேள்வியும் அதுவே. சில புரோகிராம்களில் 'நிறுத்து' பொத்தான் உண்டு. சிலவற்றில் 'எந்த மனிதனும் இதை நிறுத்த முடியாது' என்பதையே பெருமையாக விளம்பரம் செய்திருப்பார்கள். திருடனுக்கு இரண்டாவது வகைதான் ரொம்பப் பிடிக்கும்.

நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? 2022 ஆகஸ்டில் நோமட் என்ற திட்டத்தில் ஆனது. முதல் திருடன் செய்த பரிவர்த்தனையை அப்படியே காப்பி அடித்து, பெறுபவர் முகவரியை மட்டும் மாற்றினால் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஹைவேயில் எண்ணெய் லாரி கவிழ்ந்தால் நம்ம ஜனம் குடத்தோடு ஓடுமே, அதே காட்சி! நூற்றுக்கணக்கான பேர் அள்ளியதில் சுமார் 19 கோடி டாலர் போயே போய்விட்டது. சிலர் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரலாம் என்றே எடுத்தார்கள். அப்படி வந்தது கொஞ்சம். வராமல் போனதுதான் அதிகம்.

நிறுத்திய பிறகு துரத்தல். பணம் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முகவரிக்குப் பின்னால் இருக்கிற ஆசாமி யார் என்பதுதான் தெரியாது. திருடன் தெருத்தெருவாக நடப்பதை ஊரே பார்க்கிறது, முகத்தில் மட்டும் முண்டாசு! அதனால் எக்ஸ்சேஞ்சுகளுக்குத் தகவல் பறக்கும்: 'இந்த முகவரியிலிருந்து வந்தால் முடக்கி வையுங்கள்.' டாலருக்கு இணையான நாணயம் வெளியிடும் டெதர் மாதிரி கம்பெனிகளால் ஒரு முகவரியையே உறைய வைக்க முடியும். 2023 முதல் 'சீல் 911' என்று ஓர் அவசர உதவிக் குழுவே இயங்குகிறது. டெலிகிராமில் கூப்பிட்டால் தன்னார்வ நிபுணர்கள் வருவார்கள். ஆம்புலன்ஸ் மாதிரி, சைரன் மட்டும் கிடையாது.

அதற்கப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. திருடனுக்கே கடிதம் எழுதுகிறார்கள். 'ஐயா, பத்து சதவீதம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் தரப்பில் வழக்கு வேண்டாம்.'

2021 ஆகஸ்டில் பாலி நெட்வொர்க்கில் 61 கோடி டாலர் போனது. கம்பெனி திருடனை 'மிஸ்டர் ஒயிட் ஹேட்' என்று மரியாதையாக விளித்தது. 5 லட்சம் டாலர் சன்மானமும் தலைமைப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியும் தருவதாகச் சொன்னது. பணம் பெரும்பாலும் திரும்பி வந்தது. (பி.காம். முடித்துப் பதினைந்து வருஷமாகிறது. எனக்கு இதுவரை யாரும் எந்த ஆலோசகர் பதவியும் தந்ததில்லை.)

2023 மார்ச்சில் யூலர் ஃபைனான்ஸில் சுமார் 20 கோடி டாலர். முதலில் பேரம், பிறகு துப்புக் கொடுப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவிப்பு. இதற்கிடையில் பணத்தை இழந்த ஒருவர், 'அது என் ஆயுள் சேமிப்பு' என்று திருடனுக்கு எழுத, திருடன் அவருக்கு 100 ஈத்தர் அனுப்பிவைத்தான். அவ்வளவுதான், அந்த முகவரியில் மனுநீதிச் சோழன் மணியை அடிக்கிற மாதிரி கியூ நின்றுவிட்டது! மூன்று வாரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீட்கக்கூடிய பணம் அத்தனையும் திருப்பித் தந்தான்.

இதைச் சொன்னதும் பெரியப்பா, "கூலி குறைச்சுப் பேசறது தெரியும். திருடனுக்கே கூலி பேசறாங்களா?" என்றார்.

அது மட்டுமில்லை பெரியப்பா, திருடனே ஓட்டும் போடுவான். 2022 அக்டோபரில் மேங்கோ மார்க்கெட்ஸில் 10 கோடி டாலருக்கு மேல் எடுத்த ஆசாமி, கையில் இருந்த வாக்குரிமை நாணயத்தை வைத்து, தனக்குச் சாதகமான தீர்மானத்துக்குத் தானே ஓட்டுப் போட்டான். சங்கத்துப் பணத்தை எடுத்தவர் பொதுக்குழுவில் எழுந்து நின்று, 'என் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று முன்மொழிகிறேன்' என்ற கதை. கடைசியில் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டில் சுமார் 6.7 கோடி டாலர் திரும்பியது, மீதி அவனுக்கு. அப்புறம் அமெரிக்க அரசு பிடித்து வழக்குப் போட்டது. 2024-ல் ஜூரி குற்றவாளி என்றது. 2025 மே மாதம் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். தலை சுற்றுகிறதா? எனக்கும்தான்.

சரி, திருடன் மசியவில்லை. அப்போது நஷ்டம் யார் தலையில்? காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் முக்கியம். துண்டு விழுந்த தொகை காற்றில் கரையாது. யாரோ ஒருத்தர் கணக்கில் பற்று எழுதியே ஆகணும். மூன்று வழி உண்டு.

ஒன்று, பணக்கார மாமா. 2022 பிப்ரவரியில் வோர்ம்ஹோலில் 1,20,000 ஈத்தர் போனபோது, பின்னால் இருந்த ஜம்ப் என்ற நிறுவனம் மறுநாளே முழுவதையும் போட்டு நிரப்பியது. அப்படி ஒரு மாமா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டு, எல்லோருக்கும் வெட்டு. 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 1,19,756 பிட்காயின் திருடு போனது. திருடு போனவர், போகாதவர் பாகுபாடில்லாமல் எல்லோர் கணக்கிலும் 36 சதவீதம் கழித்து, அதற்கு ஈடாக ஒரு கடன் சீட்டு நாணயம் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலுக்குள் அந்தச் சீட்டுக்கெல்லாம் காசு கொடுத்து முடித்தார்கள்.

மூன்று, நடந்ததை நடக்காததாக ஆக்குவது! 2016 ஜூனில் 'தி டாவ்' என்ற திட்டத்திலிருந்து 36 லட்சம் ஈத்தர் போனது. எத்தீரியம்காரர்கள் சண்டை போட்டு, ஜூலை 20 அன்று கணக்குப் புத்தகத்தையே மாற்றி எழுதினார்கள். 'எழுதியதை அழிப்பது தர்மமில்லை' என்றவர்கள் பழைய புத்தகத்தோடு தனிக்கட்சி ஆனார்கள். இன்றுவரை எத்தீரியம் ஒன்று, எத்தீரியம் கிளாசிக் ஒன்று. வடகலை, தென்கலை பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி நம்ம ஊர் சமாசாரம். 2024 ஜூலை 18. இந்திய எக்ஸ்சேஞ்சான வாஸிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர், ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், போனது. இது அசல் டிஃபை இல்லை. ஆபீஸ் வைத்து நடத்துகிற கம்பெனி. ஆனால் பெட்டகம் அதே ரகம். கோயில் உண்டியலை ஒரே சாவியில் திறக்கவிட மாட்டார்கள் இல்லையா? அதே மாதிரி ஆறு பேரிடம் சாவி. கம்பெனி ஆட்கள் மூன்று பேரும், பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். அப்புறம் எப்படிப் போச்சு? திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்று என்று கம்பெனி சொன்னது. மேலே மளிகை ரசீது, கார்பனுக்குக் கீழே கிரயப் பத்திரம்!

எடுத்தது வடகொரியா ஆட்கள் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. அவர்களிடம் போய்ப் பத்து சதவீதப் பேரமா பேச முடியும்? ஆகவே இரண்டாவது வழி. தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருந்ததால் மீட்புத் திட்டம் அங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரலில் வாடிக்கையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். 90 சதவீதத்துக்கு மேல் சம்மதம். ஜூனில் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. திட்டத்தைத் திருத்தி, ஆகஸ்டில் மறுபடி ஓட்டு. சுமார் ஒன்றரை லட்சம் பேரில் 95 சதவீதத்துக்கு மேல் சரி என்றார்கள். அக்டோபரில் அனுமதி கிடைத்து, அந்த மாதமே கடை திறந்தது. முதல் கட்டமாகச் சுமார் 85 சதவீதம். மீதிக்கு 'மீட்பு நாணயம்', அதாவது 'வந்தால் தருகிறோம்'.

பதினைந்து மாதம் ஸார்! நடுவில் 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. வைத்திருந்தவர்கள் தொட முடியாமல் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்தவர் இருப்பார், வீட்டு அட்வான்ஸுக்குப் போட்டவர் இருப்பார். 85 போதும் என்று ஓட்டுப் போட்டவர்கள் திருப்தியில் போட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அசந்துபோய்ப் போட்டார்கள் என்பதுதான் என் கட்சி.

இதில் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. வாஸிர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் வழக்கில், 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொன்னார். திருடு போனது வேறு வகை நாணயம் என்பதையும் கவனித்தார். 'உன் பையில் கை வைக்கவே இல்லை. அப்புறம் நீ ஏன் நஷ்டத்தில் பங்கு கொடுக்கணும்?' என்ற கேள்விக்குக் கோர்ட்டில் இடம் கிடைத்தது, ஸார்.

2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸில் 4.4 கோடி டாலர் போனபோது, கம்பெனி தன் கையிருப்பிலிருந்தே நஷ்டத்தை ஏற்றது; மீட்டுத் தருபவருக்கு 25 சதவீதம் வரை சன்மானம் என்றது. ஒரே ஊர், ஒரே வகைக் கடை. ஒன்றில் வாடிக்கையாளர் பர்ஸ், ஒன்றில் முதலாளி பர்ஸ். இந்த வித்தியாசம் சேரும்போதே தெரிய வேண்டாமா?

ஆகவே, முதல் தேதி சம்பளம் வந்து கை துறுதுறுக்கிற தம்பிகளுக்கு மூன்றே கேள்வி. சாவி யாரிடம்? தறியை நிறுத்த ஆள் உண்டா? துண்டு விழுந்தால் யார் கணக்கில்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். 'இந்தக் கேள்வியெல்லாம் யாருமே கேட்டதில்லை ஸார்' என்று பதில் வந்தால், பணத்தை அப்படியே சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

லாபம் வந்தால் மட்டும் கவலையே வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் அதில் 30 சதவீதம் கேட்கிற ஆசாமி டெல்லியில் இருக்கிறார். அவர் ஒளிவது இல்லை. பேரமும் கிடையாது!