வெயில் களைப்பு சோம்பேறித்தனமா?

மே மாதம், மதியம் இரண்டு மணி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு சித்தாள் கலவைச் சட்டியை இறக்கிவிட்டு நிழலில் உட்கார்கிறார். உடனே மேஸ்திரி கத்துகிறார்: "அதுக்குள்ள என்னம்மா களைப்பு?" பாவம், பதில் சொல்லக்கூட அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. ஆனால் அறிவியலிடம் பதில் இருக்கிறது.

மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது இது சும்மா நடந்துவிடாது. உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டும். வேலை செய்யும் தசைகளும் அதே ரத்தத்தைக் கேட்கின்றன. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்துகிற கதைதான்! இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கிறது. வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போய்விட்டால் ரத்தத்தின் அளவு குறைந்து இதயத்துக்கு இன்னும் பாரம் கூடுகிறது.

அந்த வியர்வையும் ஆவியானால்தான் உடம்பு குளிரும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர, காய்வதில்லை. ராத்திரியும் புழுக்கத்தில் தூக்கம் கெட்டால், மறுநாள் எழும்போதே பாதித் தெம்பு போயிருக்கும்.

ஆக, நிழலில் உட்கார்ந்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. "போதும், நிறுத்து" என்று உடம்பு எச்சரிக்கிறது, அவர் கேட்கிறார். கேட்காமல் போனால் ஹீட் ஸ்ட்ரோக் வந்து உயிரே போகலாம்.

இது உலகத்துக்கே பிரச்சினை. 2030இல் வெப்பத்தால் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வீணாகும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். நம்மூர்க்காரர்கள் பலர் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் உயிர் போன பிறகு தரும் பணத்தைவிட, உயிரோடு இருக்கும்போது தரும் இரண்டு மணி நேர ஓய்வு பெரியது இல்லையா? அதுவும் கூலியைப் பிடிக்காத ஓய்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தினக்கூலிக்காரர் எப்படி உட்காருவார்?

கணக்குப் புத்தகத்தில் இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறார்கள். வெயிலில் தேயும் மனித உடம்புக்கு எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? யோசித்துப் பாருங்கள்.