கோதுமை இல்லாத வீட்டில் ஒரு பிறந்தநாள் கேக்



இவ்வருடத் தொடக்கத்தில் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அந்த வீட்டின் தலைவிக்கு வயது ஐம்பத்திரண்டு. 2009 இல் கணவரை இழந்தவர். மகள் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதால், ஏழு வயதுப் பேத்தியை இவரே பார்த்துக்கொள்கிறார். நான் போனபோது வைத்தியசாலைக் கொப்பியை மடியில் வைத்தபடி திண்ணையில் இருந்தார்.

“தங்கச்சி, பிள்ளைக்கு இனிக் கோதுமை மா கூடாதாம். வாழ்நாள் முழுக்கக் கூடாதாம். முகாமிலை மூண்டு பிள்ளையளையும் அந்த மாவிலைதானே காப்பாத்தினனான். இவளுக்கும் அதைத்தானே குடுத்தனான். அப்ப நான்தான் பிள்ளைக்கு நஞ்சு குடுத்தனானோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்த எம்மில் பலர் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவில்தான் உயிர் பிழைத்தோம். காலையில் ரொட்டி, இரவில் பிட்டு, பிள்ளை அழுதால் மாவைக் கரைத்து ஒரு கூழ். கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. ஆயினும் அது இல்லாமல் சமையல் இல்லை என்னும் அளவுக்கு எமது அடுப்படிக்குள் வந்துவிட்டது. ஆகவே அந்த அம்மாவின் பயம் எனக்கு விளங்கியது.

முதலில் நோயைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடமாக அடிக்கடி வயிற்றோட்டம். வயிறு ஊதியிருக்கும், கைகால் மெலிந்திருக்கும். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தும் இரத்தச்சோகை மாறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், நேர்த்தி வைத்தார்கள். கடைசியில் இரத்தப் பரிசோதனையும், சிறுகுடலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்த பின்னரே சீலியாக் நோய் என்று வைத்தியர் உறுதிப்படுத்தினார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. இந்நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தனது சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகின்றன. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கான தன்மை பிறப்பிலேயே அமைவது. எந்தத் தாயினதும் சமையலால் வருவதன்று. குளூட்டனை முற்றாக நிறுத்தினால் குடல் படிப்படியாக ஆறிவிடும். இதுவே மருந்து.

இதைக் கண்டறிந்த கதையிலும் ஒரு யுத்தம் இருக்கிறது. நெதர்லாந்தில் வில்லெம் கரெல் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் 1930களிலேயே கோதுமை மீது சந்தேகம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. பாண் இல்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது, இந்நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயில் விழுந்தார்கள். 1950 இல் டிக்கே தனது ஆய்வை வெளியிட்டார். அதுவரை அந்தத் தாய்மாருக்கும் காரணம் தெரியாது. தெரியாமல் ஊட்டியது குற்றமாகுமா? இதைத்தான் அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு நாளைக்கே உங்கள் பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது செய்தால்தான் பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியும். நோயில்லாதவர்கள் கோதுமைக்குப் பயப்படத் தேவையில்லை.

சரி, எமது அடுப்படியில் கோதுமை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது? பாண், பணிஸ், பிஸ்கற், கொத்துரொட்டி எல்லோருக்கும் தெரியும். ஆனால் எமது இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலக்கிறோம். உழுந்துத் தோசைக்கும் கலக்கிறோம். கொழுக்கட்டை, முறுக்கு, பயற்றம் பணியாரத்தின் மேல்மா, கடை அப்பம் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமைதான். கட்லற், ரோல்ஸ் மீது பிரட்டும் ரஸ்க் தூள், சோயா சோஸ், சில சோயாமீற் பைக்கற்றுகள், கூட்டுப் பெருங்காயம், பார்லி சேரும் மோல்ற் பானங்கள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். பைக்கற்றின் பின்புறத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

பட்டியலைக் கேட்டதும் அந்த அம்மா, “அப்ப பிள்ளை என்னத்தைத்தான் தின்னுறது?” என்றார். அப்போது அவருடைய வயதான தாயார் உள்ளிருந்து, “நாங்கள் சின்னனிலை குரக்கனும் ஒடியலும் திண்டுதானே வளந்தனாங்கள்” என்று குரல் கொடுத்தார். விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அரிசி, குரக்கன், சோளம், சாமை, தினை, உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் எதிலும் குளூட்டன் இல்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. வறுத்த சிவப்பரிசி மாவில் இடியப்பமும் பிட்டும் செய்யலாம். தோசைக்குக் கோதுமை மாவுக்குப் பதிலாக, ஒரு பங்கு உழுந்துக்கு இரண்டு பங்கு பச்சையரிசி ஊறவைத்து அரையுங்கள். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கைப்பு நீரை வடித்த பின்னரே பிட்டு அவியுங்கள். கூடவே முருங்கையிலை, பருப்பு, முட்டை, மீன் இருக்கட்டும். கீரைக்குத் தேசிக்காய்ப்புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

கோதுமை மா இழுபட்டு ஒட்டுவது குளூட்டனால்தான். மற்ற மாக்களில் அது இல்லாததால் ரொட்டி வெடிக்கும், கேக் உதிரும். அதற்கும் வழி உண்டு. குரக்கன் ரொட்டிக்குக் கொதிநீர் விட்டுக் குழைத்து, தேங்காய்ப்பூச் சேர்த்து, வாழையிலையில் கையால் தட்டுங்கள். கேக்குக்கு முட்டையும் கனிந்த வாழைப்பழமும் மாவைப் பிடித்து வைத்திருக்கும்.

வாழைப்பழக் கேக் செய்யும் முறை இது. முட்டை 3, சீனி 150 கிராம், தேங்காயெண்ணெய் 100 மில்லிலீற்றர், நன்கு கனிந்த வாழைப்பழம் 3, அரித்த அரிசி மா 150 கிராம், குரக்கன் மா 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடரிலும் கோதுமை மாப்பொருள் சேர்ந்திருக்கலாம், பார்த்து வாங்குங்கள். முட்டையையும் சீனியையும் நுரை வரும்வரை அடித்து, எண்ணெயும் மசித்த பழமும் சேருங்கள். மா இரண்டையும் உப்பையும் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். அரிசி மா ஊறினால்தான் கேக் நறநறக்காது. பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்து, எண்ணெய் பூசிய தட்டில் உடனே ஊற்றுங்கள்.

போறணை இல்லையென்று கவலை வேண்டாம். பெரிய அலுமினியச் சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். மணலில் ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் சிறிது சிரட்டைத் தணல் போடுங்கள். மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை வேகும். முதல் அரை மணித்தியாலம் மூடியைத் திறக்கவே கூடாது. ஈர்க்கால் குத்திப் பார்த்து, மா ஒட்டாவிட்டால் இறக்கலாம். நன்கு ஆறிய பின் வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும்.

சிறிதளவு கோதுமை மா கூட இந்நோய்க்குப் பாதிப்புத்தான். அரிதட்டையும் ஓலை நீத்துப்பெட்டியையும் எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் மா நிற்கும். ஆகவே அவற்றைப் புதிதாக வாங்கிப் பிள்ளைக்கென்று வையுங்கள். மில்லில் உங்களுக்கு முன் யாராவது கோதுமை சேர்த்துச் சத்துமா அரைத்திருக்கலாம். வீட்டு உரலில் இடிப்பதே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதொன்று உண்டு. பிள்ளைக்கு மட்டும் தனிச்சட்டி வைத்து, மற்றவர்கள் அவள் முன்னால் பாண் சாப்பிட்டால், அவள் தன்னை நோயாளியாகவே எண்ணி வளர்வாள். ஒருநாள் ஒளித்துச் சாப்பிடவும் செய்வாள். முடிந்தவரை வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பாடசாலையில் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். யாராவது பிஸ்கற் நீட்டினால், “எனக்கு இது கூடாது” என்று வெட்கமின்றிச் சொல்லப் பிள்ளைக்கும் பழக்குங்கள்.

சென்ற மாதம் அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது நிறைந்தது. முதல் நாள் செய்த கேக் நடுவில் அமிழ்ந்துவிட்டதாம். அம்மம்மா பொறுக்க மாட்டாமல் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் செய்தது நன்றாக வந்தது. பிள்ளையே வெட்டி அயல் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். அதில் கோதுமை இல்லையென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறையும் கை நீட்டினார்கள். பிள்ளையின் நிறை இரண்டு கிலோ கூடியிருப்பதாகக் கொப்பியைக் காட்டினார் அந்த அம்மா.

புறப்படும்போது, “அண்டைக்கு அந்த மா இல்லாட்டி இவளின்ர தாய் இருந்திருக்க மாட்டாள். இண்டைக்கு இவளுக்கு அது வேண்டாம். அவ்வளவுதானே தங்கச்சி?” என்றார்.

அவ்வளவுதான் அம்மா.

உங்கள் வீட்டில் கோதுமை சேர்க்காமல் செய்யும் பலகாரங்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.