பந்து இல்லாத படம்

ஒரு படத்துக்காக ஒரு பத்திரிகாசிரியரோடு மூன்று வாரம் சண்டை போட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நண்பர்களும் சிரித்தார்கள். "உமக்கு எழுத்துத்தானே தொழில்? படம் எப்படிப் போனால் உமக்கென்ன?" என்றார் ஒருவர். எனக்கென்ன என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களின் மூளைக்கு நேர்கிற சேதத்தைப் பற்றி ஆறு பக்கத்தில் ஒரு சிறப்புப் பகுதி வேண்டுமென்று அந்த வார இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். (கால்பந்து என்பது பெயர்தான். காலால் உதைப்பது அபூர்வம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் விழுந்து சாய்ப்பதுமே ஆட்டம். பெயர் வைத்தவர்களோடும் சண்டைக்குப் போக எனக்கு நேரமில்லை.) எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, பக்கங்களை அமைத்துப் பார்வைக்கு அனுப்பினார்கள்.

நடுப்பக்கம் இரண்டையும் அடைத்துக்கொண்டு இரண்டு தலைக்கவசங்கள் மோதிக்கொண்டிருந்தன. மோதுகிற இடத்தில் ஒரு மின்னல். ஒரு மண்டை பிளந்து, உள்ளேயிருந்து சிவப்பாக ஏதோ தெறித்தது. 'மூளையைக் குடிக்கும் ஆட்டம்!' என்று தலைப்பு. அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டி, உள்ளங்கை அகலத்தில் '99%' என்று ஓர் எண். இவற்றுக்கிடையே கிடைத்த சந்துபொந்துகளில் என் கட்டுரை நெளிந்து நெளிந்து போயிற்று.

"எப்படி ஸார், பக்கம் பேசுகிறதா?" என்று ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்.

பேசத்தான் செய்தது. ஆனால் பொய் பேசியது.

மைக் வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 1990 வரை பதினேழு பருவங்கள் ஆடினார். அவற்றில் பதினைந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக. நான்கு முறை அந்த அணி தேசத்தின் சாம்பியன் பட்டத்தை வென்றபோது அவர் களத்தில் இருந்தார். அவருக்கு வாய்த்த இடம் 'சென்டர்'. ஆட்டம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறு கணமே எதிரே நிற்கிறவன்மீது போய் முட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பந்து போய்விடும், பந்தோடு காமிராவும் போய்விடும், லட்சக்கணக்கான ஜனங்களின் கண்களும் போய்விடும். யாரும் பாராத இடத்தில் அந்த மனிதர் முட்டிக்கொண்டிருப்பார். போட்டி நாளில் முட்டியது போதாதென்று பயிற்சி நாளிலும் முட்டுவார். மின்னலும் இல்லை, மண்டை பிளக்கவும் இல்லை. எழுந்து, மறுபடியும் குனிந்து நிற்பார்.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் மனம் சிதைந்தது. சில காலம் தம்முடைய வண்டியிலேயே குடியிருந்தார். கழன்ற பற்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். தூக்கம் வராமல், மின்னதிர்ச்சி தரும் கருவியால் தம்மைத் தாமே மயக்கமடையச் செய்துகொண்டு தூங்கினார். 2002-இல் ஐம்பதாவது வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர். சுருங்கிச் சிதைந்த மூளையை எதிர்பார்த்துத் திறந்தார். வெளிப்பார்வைக்கு அது நல்ல மூளையாகவே இருந்தது! மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே, டௌ என்ற புரதம் அங்கங்கே படிந்து கிடப்பது தெரிந்தது. 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் குத்துச்சண்டைக்காரர்கள் குடிகாரர்போல் தள்ளாடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வியாதியின் உறவுதான் இதுவும். சி.டி.ஈ. என்று இப்போது சொல்கிறார்கள். நோயாளி இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் இதை உறுதிப்படுத்த முடிகிறது.

டாக்டரின் கண்ணுக்கே தெரியாதிருந்த சேதத்தை, நம் ஓவியர் பத்தடி தூரத்திலிருந்து தெரியும்படி வரைந்துவிட்டார்.

"வாசகனுக்குப் புரிய வேண்டாமா ஸார்?" என்றார் ஆசிரியர். புரிய வேண்டியதே வேறு ஐயா! ஒரு பெரிய மோதல், ஒரு பெரிய காயம் என்றால் விஷயம் சுலபம். மோதியவனுக்கு அபராதம் போடலாம், அடிபட்டவனை உட்காரவைக்கலாம், கவசத்தை இன்னும் கனமாகச் செய்யலாம். தேங்காய்க்கு மேலே எத்தனை சாக்குச் சுற்றினாலும், உலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பாமல் இருக்குமா? கவசம் மண்டை உடையாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயக்கம்கூடத் தராத சிறிய அடிகள், வருஷக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்வதுதான் ஆபத்து. அதாவது ஆபத்து விபத்தில் இல்லை, ஆட்டத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்லும் கட்டுரையின் தலைமேல், விபத்தின் படத்தைப் போட்டால் யாருக்கு லாபம்?

யாருக்கு லாபம் என்பது ரகசியமல்ல. மோதலைக் காட்டித்தான் அந்த ஆட்டத்தையே விற்றார்கள். ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில், அந்த வாரத்தின் பலத்த மோதல்களைப் பொறுக்கியெடுத்து, சிரித்துக் கூச்சலிட்டபடி காட்டுகிற ஓர் அங்கமே இருந்தது. இதே நிறுவனம், மூளைச் சேதத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் சேர்ந்து உழைத்துவிட்டு, 2013-இல் அது வெளிவரும் தறுவாயில் தன் பெயரை விலக்கிக்கொண்டது. அங்கே ரசிப்பதற்காக விற்ற படத்தை நாம் இங்கே பரிதாபத்துக்காக விற்கிறோம். சரக்கு ஒன்றுதான்.

அடுத்தது அந்த '99%'. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், என்.எஃப்.எல். என்ற தொழில்முறைச் சங்கத்தின் போட்டிகளில் ஆடியவர்களின் மூளைகள் 111-ஐப் பரிசோதித்து, 110-இல் இந்நோயைக் கண்டார்கள். உண்மை. ஆனால் அவை எப்படிக் கிடைத்த மூளைகள்? உயிரோடிருந்தபோதே நடத்தையில் கோளாறு கண்டு, சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானம் செய்தவை பல. ஆடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று இதற்கு அர்த்தமில்லை என்று ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருந்தார்கள். நானும் அந்த எச்சரிக்கையை எழுதியிருந்தேன். கட்டத்தில் இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள்!

இதை நான் இலக்கணச் சுத்தத்துக்காகச் சொல்லவில்லை. எதிராளி யார் என்று பாருங்கள். 1994-இல் அந்தச் சங்கம் தலைக்காயங்களை ஆராயவென்று ஒரு குழு அமைத்தது. தலைமை வகித்தவர் மூட்டுவாத டாக்டர்! 2005-இல் ஒமாலுவின் கட்டுரை வெளிவந்ததும், அதை வாபஸ் வாங்க வேண்டுமென்று அந்தக் குழுவினர் பத்திரிகைக்கு எழுதினார்கள். இதில் வேடிக்கை, வெப்ஸ்டருக்கு உதவித்தொகை தரும் விஷயத்தில், தலையில் பட்ட அடிகளால்தான் அவர் முடமானார் என்று அவர்களுடைய ஓய்வூதியக் குழுவே 1999-இல் ஒப்புக்கொண்டிருந்தது. பகிரங்கமாக, ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சங்கத்தின் அதிகாரி ஒருவர் காங்கிரஸ் சபைக் குழுவின் முன்னால் சொன்னது 2016-இல். இப்படிப்பட்டவர்களுக்கு நம் கையாலேயே ஒரு மிகையைக் கொடுப்பதா? மிகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெய் பத்தையும் மறுப்பார்களே!

இங்கிலாந்தில் இதைவிட அமைதியான ஒரு கதை உண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் ஆடுகிற அதே கால்பந்துதான். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் ஜெஃப் ஆஸ்டில், தலையால் முட்டிக் கோல் போடுவதில் பெயர் பெற்றவர். ஐம்பத்தொன்பது வயதில், நினைவெல்லாம் தப்பிய நிலையில், 2002-இல் இறந்தார். யாரும் அவரை இடித்துத் தள்ளிய கதையல்ல, பந்துதான் இடித்தது. மரண விசாரணை அதிகாரி தம் தீர்ப்பில் எழுதிய சொல்: தொழில் நோய். சுரங்கத்தில் கரித்தூளைச் சுவாசித்தவனுக்கும் ஆலையில் பஞ்சைச் சுவாசித்தவனுக்கும் எழுதுகிற சொல். 2019-இல் கிளாஸ்கோவில் 7,676 முன்னாள் ஆட்டக்காரர்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூளை நரம்புகள் சிதையும் நோயால் இறந்தவர்கள் மற்ற ஜனங்களைவிட அவர்களில் சுமார் மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. பந்தைத் தலையால் முட்ட வேண்டியிராத கோல்கீப்பர்களுக்கு மட்டும் அந்த நோய்களின் அபாயம் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு ஒன்று சொன்னது.

'தொழில் நோய்' என்பதையே தலைப்பாகப் போடச் சொன்னேன். "ஏதோ தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறதே ஸார்" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன்.

படத்துக்கும் என் யோசனையைச் சொன்னேன். ஆட்டம் தொடங்கிய மறு வினாடியில் எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம். முன்வரிசைக்காரர்கள் எதிர்வரிசையோடு முட்டி நிற்கிறார்கள். பந்து படத்துக்கு வெளியே எங்கோ போய்விட்டது. வண்ணம் வேண்டாம், மின்னல் வேண்டாம். அடியில், இந்த முட்டல் ஒரு பருவத்தில் எத்தனை முறை திரும்பத் திரும்ப நடக்கும் என்று இரண்டு வரி. ஆசிரியர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "ஒன்றுமே நடக்காத படத்தை எவன் நின்று பார்ப்பான் ஸார்? கடையில் முப்பது இதழ்களுக்கு நடுவே நம்முடையது தொங்குகிறது" என்றார். நியாயமான கஷ்டம். அதை நான் கேலி செய்யவில்லை. அவர் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒன்றுமே நடக்காததுபோல் இருந்ததால்தானே அந்த மனிதர்களை யாரும் பார்க்கவில்லை? அதைச் சொல்ல வந்த பக்கமும் பார்க்கமாட்டேன் என்றால் எப்படி?

மூன்றாம் வாரம் அவர் ஒரு சமரசத்துக்கு வந்தார். மின்னலை எடுத்துவிடுகிறேன், மோதல் இருக்கட்டும், 99% இருக்கட்டும் என்றார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். அட்டையில் மின்னலோடும், உள்ளே என் பெயரில்லாமலும் இதழ் வெளிவந்தது. நன்றாக விற்றதாகச் சொன்னார்கள். சன்மானத்தையும் ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள். நான் திருப்பி அனுப்பவில்லை.